மில் நிர்வாகத்தினருக்கு: ரீவைண்டிங் ஆர்டரில் தெர்மிஸ்டரையும் எழுதுங்கள்

கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலை நிர்வாகத்தினருக்கு வணக்கம். மோட்டாரை ரீவைண்டிங்குக்கு (உள்ளே உள்ள வைண்டிங் என்னும் கம்பிச்சுருளை மாற்றிக் கட்ட) அனுப்பும்போது, சூட்டை உணரும் தெர்மிஸ்டரையும் வைக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காக இந்த மடல்.

டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) மாட்டினால் மோட்டார் எரியாது என்று நம்பி, கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் பழைய ஓவர்லோடு ரிலேயைக் கழற்றிவிடுகிற வழக்கம் பல ஆலைகளில் இருக்கிறது. டிரைவுக்குள் இருக்கும் பாதுகாப்பு வெறும் கணக்குதான். ஆம்பியரையும் நேரத்தையும் வைத்து வைண்டிங் எவ்வளவு சூடாகியிருக்கும் என்று அது ஊகிக்கிறது. மோட்டாரின் ஃபேன் கவரில் பஞ்சு அடைத்திருப்பது அதற்குத் தெரியாது. ஆம்பியர் சரியாகவே காட்டும், உள்ளே இன்சுலேஷன் கருகிக்கொண்டிருக்கும்.

அந்தக் கணக்கையாவது சரியாகக் கொடுக்கிறோமா? 15 கிலோவாட் மோட்டாரின் நேம்பிளேட்டில் 28 ஆம்பியர். ஸ்டோரில் இருந்தது என்று 45 ஆம்பியர் டிரைவை மாட்டி, மோட்டார் கரண்ட் பாராமீட்டரை மாற்றாமல் விட்டால், 40 ஆம்பியர் ஓடினாலும் டிரைவ் பேசாமல் இருக்கும். வைண்டிங்கில் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுவதால், அது இரண்டு மடங்கு வெப்பம்.

வேகத்தைக் குறைத்தால் ஷாஃப்டில் உள்ள ஃபேனும் மெதுவாகச் சுற்றும். ஆலைக்குள் ஈரக்காற்று அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனில் கவலையில்லை, வேகத்தோடு சுமையும் இறங்கிவிடும். ஸ்க்ரூ கம்ப்ரஸர், கன்வேயரில் அப்படி இல்லை. 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓடும் இடங்களில் தனி மின்விசிறி வையுங்கள். அந்த விசிறி டிரிப் ஆனால் டிரைவும் நிற்கும்படி இன்டர்லாக் கொடுங்கள்.

உண்மையான சூட்டை அறிவது வைண்டிங்குக்குள் வைக்கும் பி.டி.சி. தெர்மிஸ்டர் (சூடு ஏறினால் மின்தடை கூடும் சென்சார்) போன்றவைதான். மூன்று ஃபேஸில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக மூன்று, தொடராக. எஃப் கிளாஸ் (155 டிகிரி வரை தாங்கும் இன்சுலேஷன்) வைண்டிங்குக்கு 150 டிகிரி வகை போதும். குளிர்ந்த நிலையில் மூன்றும் சேர்ந்து 750 ஓமுக்குள் இருக்க வேண்டும். சூடு எல்லையைத் தொட்டதும் சில ஆயிரம் ஓமுக்குத் தாவும். வைண்டிங் கட்டிய பிறகு இதை உள்ளே நுழைக்க முடியாது. அதனால்தான் இந்த மடலே: ரீவைண்டிங்குக்கு அனுப்பும்போது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பட்டறையில் போடமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

தெர்மிஸ்டர் வயரில் மெக்கர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைக்கக் கூடாது, 2.5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காத மீட்டரால் அளக்க வேண்டும். டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் நேராக இணைக்கலாமா என்று மேனுவலில் பாருங்கள். இடமில்லையெனில் நடுவில் தெர்மிஸ்டர் ரிலே வையுங்கள். டிரைவைத் தவிர்த்து நேரடி மின்சாரம் கொடுக்கும் பைபாஸ் காண்டாக்டரில் ஓடும்போது டிரைவின் கணக்கு வேலை செய்யாது, அங்கே ஓவர்லோடு ரிலே கட்டாயம். ஒரே டிரைவில் பல மோட்டார்கள் ஓடினாலும் ஒவ்வொன்றுக்கும் தனி ரிலே வேண்டும், டிரைவுக்குத் தெரிவது மொத்த ஆம்பியர் மட்டுமே.

இணைத்து முடித்ததும் தெர்மிஸ்டர் வயரில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். டிரைவ் உடனே நிற்க வேண்டும். திரையில் எச்சரிக்கை மட்டும் வந்து மோட்டார் தொடர்ந்து ஓடினால், அந்தப் பாராமீட்டரை 'ஃபால்ட்' என்று மாற்றிய பிறகே ஆலைக்கு ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நூற்பாலை மின்பராமரிப்புப் பணியாளர்கள்