கப்பலில் நின்று போட வேண்டிய கணக்கு

பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். சரக்குக் கப்பல்களில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்துக் கரையேறியவன் நான். பேத்திக்கு முக்கோணவியலில் சந்தேகம் வந்தபோது உங்கள் புத்தகத்தைப் புரட்டினேன். நான் படித்த அதே கணக்குதான் இன்றும். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒருவர், கடலில் ஒரு கப்பல், இறக்கக்கோணம் 30 அல்லது 45 பாகை.

கரையில் நிற்கும் 60 மீட்டர் விளக்கத்திலிருந்து 45 பாகையில் கப்பல் தெரிந்தால், தூரமும் 60 மீட்டர்தான். அலை உடைகிற இடம் அது. பத்து மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து வரும் சரக்குக் கப்பல் அங்கே வருவதற்கு முன்பே தரை தட்டியிருக்கும். பேத்திக்கு விடை சரியாக வந்தது. கப்பல் என்ன ஆனது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்கும்படி நாம் கணக்குக் கொடுக்கவில்லையே!

நான் மட்டும் என்ன, கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) இருந்தபோது நார்வேயின் பெர்கனை நெருங்குகையில், வரைபடத்தின் மேல்விளிம்பில் டிவைடரை வைத்துப் பார்த்து, "இன்னும் 20 மைல் சார்" என்றேன். சீஃப் ஆபீசர் டிவைடரை வாங்கி, விரிப்பு மாறாமல் பக்கவிளிம்பில் வைத்தார். பத்து. பக்கவிளிம்பில் இருப்பது அட்சரேகை; அதன் ஒரு நிமிடம், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். மேல்விளிம்பில் இருப்பது தீர்க்கரேகை. பெர்கன் இருக்கும் 60 பாகை அட்சத்தில் தீர்க்கரேகையின் ஒரு நிமிடம் அரைக் கடல் மைல்தான். கொசைன் 60 என்றால் அரை என்று பள்ளியில் உருப்போட்டவன்தான் நான். அந்த அரை என்னவென்று அன்றுதான் புரிந்தது. சென்னைக்கு அருகே இதே தவறைச் செய்திருந்தால் நூறு மைலுக்கு மூன்று மைல்கூடப் பிசகியிருக்காது; யார் கண்ணிலும் பட்டிருக்காது.

சோழமண்டலக் கரை மாலுமிகள் இராப்பலகை வைத்திருந்தார்கள். சின்ன மரப்பலகை, அதன் நடுவில் கட்டிய, முடிச்சுகள் போட்ட கயிறு. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் அடிவிளிம்பைத் தொடுவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரத்திலும் பொருத்துவார்கள். எந்த முடிச்சு பல்லுக்கு வருகிறதோ, அது எந்த ஊரின் அட்சம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரமோ, ஏறக்குறைய அதுதான் அந்த ஊரின் அட்சம். சென்னையில் ஏறக்குறைய 13 பாகை, கன்னியாகுமரியில் 8. பாகைக்கு 60 கடல் மைல். தெற்கே 300 மைல் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அடுத்த பதிப்பில் ஒரே ஒரு கணக்கையாவது மாற்றித் தாருங்கள். பிள்ளையைக் கோபுரத்திலிருந்து இறக்கிக் கப்பலில் நிறுத்துங்கள். விளக்கு கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரத்தில் எரிகிறது; அந்த உயரம் வரைபடத்திலேயே அச்சாகியிருக்கும். செக்ஸ்டண்ட் என்னும் கோணமானியில் அளந்த ஏற்றக்கோணம் 48 நிமிடம், அதாவது ஒரு பாகைகூட இல்லை. டேன்ஜென்ட் அட்டவணையில் 0.0140. தூரம் சுமார் 3,570 மீட்டர், இரண்டு கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. விளக்கைச் சுற்றி ஒன்றரை மைல் வரை பாறை இருக்கிறது. கோணம் எவ்வளவைத் தாண்டினால் கப்பலைத் திருப்ப வேண்டும்?

அன்புடன்,
ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி ஒருவர்