அந்த இரவை எனக்குச் சொன்னவர்களுக்கு

மண் தளக் கார் பந்தய ரசிகர்களுக்கும், அன்றிரவு ஓடுதளத்தில் பணியில் இருந்தவர்களுக்கும் வணக்கம்.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் என் விபத்தைப் பற்றி நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கோ அதில் ஒரு நொடிகூட நினைவில் இல்லை. பச்சைக் கொடி அசைந்தது தெரியும். அப்புறம் கண் விழித்தது மருத்துவமனையில்தான். நடுவில் நடந்ததையெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வளைவின் வெளி ஓரத்தில் ஈரக் களிமண் ஒதுங்கி வரப்பு மாதிரி திரண்டிருக்கும். அதன்மேல் பின்சக்கரத்தைச் சாய்த்து ஓட்டினால் நல்ல பிடி கிடைக்கும். கொஞ்சம் தப்பினால் அதுவே காரைத் தடுக்கிவிடும். என் வலது பின்சக்கரம் அந்த வரப்பில் குத்தி நின்றது என்று முதலில் சொன்னவர் மேல்வரிசையிலிருந்து பார்த்த ஒரு பெரியவர். அதுவரை ஏதோ உடைந்துதான் கவிழ்ந்தேன் என்று நினைத்திருந்தேன். ஐயா, எனக்குப் பல நாள் தூக்கம் திரும்பியது உங்களால்தான்.

எத்தனை முறை உருண்டேன் என்பதில் உங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ஐந்து என்கிறீர்கள், ஏழு என்கிறீர்கள். காரைத் தரையோடு அழுத்த மேலே பொருத்தியிருந்த பெரிய இறக்கை முதல் அடியை வாங்கி நசுங்கியதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறீர்கள். சுமார் 900 குதிரைத்திறன் இஞ்சின், என்னையும் சேர்த்து 650 கிலோ அளவே எடை. ஸ்பிரிண்ட் கார் என்ற அப்படிப்பட்ட சிறிய பந்தயக் கார் உருண்டும், என்னைச் சுற்றியிருந்த குழாய்க் கூண்டு வளையவில்லை. அந்தக் கூண்டை வெல்டிங் செய்து உருவாக்கிய கைகளுக்கு நன்றி.

உடனே சிவப்புக் கொடி காட்டியவருக்கும், என்மேல் மோதாமலிருக்கத் தன் காரை வேண்டுமென்றே சுழலவிட்டுப் பந்தயத்தையே இழந்த ஓட்டுநருக்கும் நன்றி.

தண்ணீரோடு ஓடிவந்த தீயணைப்பு வீரரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எங்கள் கார்களின் எரிபொருளான மெத்தனால் எரிந்தால் புகை வராது; விளக்கு வெளிச்சத்தில் தீயும் சரியாகத் தெரியாது. பார்வையாளர்கள் யாருக்கும் தீ இருந்ததே தெரியவில்லை. அவர் மட்டும் காருக்கு மேலே காற்று நெளிவதைக் கவனித்தாராம். மெத்தனால் தண்ணீரில் கரையும் என்பதால் தயங்காமல் ஊற்றியிருக்கிறார். என் கைகள் இன்று இப்படி இருப்பதற்கு அவர்தான் காரணம்.

ஹெல்மெட்டைக் கழற்றப் பாய்ந்தவர்களைத் தடுத்து, கழுத்தை அசையாமல் பிடித்திருந்த மருத்துவ உதவியாளருக்கும் என் நன்றி. மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் கூட்டம் எழுந்து நின்றதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்டபோது அழுதுவிட்டேன்.

இறக்கையின் தகட்டுத் துண்டு ஒன்றைச் சிறுவயதிலிருந்து பத்திரமாக வைத்திருக்கும் தம்பிக்கு: அது உன்னிடமே இருக்கட்டும்.

இன்னும் ஒருவர் மிச்சம். ஆம்புலன்ஸ் வரும்வரை கூண்டுக்குள் கைவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு யாரோ பேசிக்கொண்டே இருந்தார் என்று மூன்று பேர் சொன்னார்கள். அவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. இதைப் படித்தால் அடுத்த பந்தயத்தன்று வாருங்கள். கார்கள் நிறுத்தும் இடத்தில் காத்திருப்பேன்.