தாலியும் தாளும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சரசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. "வாட்ஸ்அப்ல ரெண்டு வரி தட்டிவிடுங்கம்மா" என்று மகன் சொன்னான். நீ உட்கார்ந்து பேனா பிடித்து எழுதியிருக்கிறாய், நான் கட்டைவிரலால் பதில் சொல்வதா? கையெழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். கண்ணில் புரை எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

ஊர் கேட்டாய். நம் தோட்டத்தில் பாதி தாமான் வீடுகள் ஆகிவிட்டது. காலையில் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களம் இருந்த இடத்தில் டயர் கடை. மீதி இருக்கிற இடமெல்லாம் செம்பனை, வேலைக்கு வங்காளதேசத்துப் பையன்கள். பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரை மட்டும் புல்லுக்குள் கிடக்கிறது. நம் லயத்து ஆட்களில் இன்னும் இங்கே இருப்பவர்கள் நாலைந்து குடும்பம்தான். மற்றவர்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று போய்விட்டார்கள்.

உன் கடிதத்தில் இரண்டு விஷயம் என்னைக் குத்தியது. ஒன்று, "கோர்ட்டு, சட்டம் எல்லாம் பெரிய இடத்துப் பொம்பளைங்களுக்குத்தான், நமக்கு என்ன செஞ்சுச்சு" என்று எழுதியிருந்தாய். இன்னொன்று, நாலு பக்கம் தள்ளி, பேத்தி கல்யாணத்தைக் கோயிலில் முடித்துவிட்டு 'ரெஜிஸ்டர் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தாய். முதல் கேள்விக்குப் பதில் இரண்டாவதில்தான் இருக்கிறது சரசு.

வக்கீல் ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் என் வீட்டுக்கு மனுப் பாரம் எழுத ஆள் வருவது நிற்கவில்லை. போன மாதம் ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை. கோயிலில் பணம் கட்டிய ரசீது. பூஞ்சை படிந்து ஒட்டிக்கொண்ட ஆல்பம். அதைப் பிரிக்கும்போது மாப்பிள்ளையின் முகம் பாதி உரிந்து வந்துவிட்டது. மூன்று பிள்ளைகள். மலிவு விலை வீடு அவன் பேரில். மாதத் தவணையை ரப்பர் பால் வெட்டியும் பிறகு ஃபேக்டரிக்குப் போயும் கட்டியது இவள். இப்போது அவன் வேறொரு பெண்ணைப் பதிவு இலாகாவில் முறைப்படி கட்டிக்கொண்டு இவளை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறான். "எனக்குத்தான் முதல்ல தாலி கட்டினாரு, ஊரே சாட்சிக்கா" என்றாள்.

ஊர் சாட்சிதான். ஆனால் 1982 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு, முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் 1976 திருமண, மணவிலக்குச் சட்டப்படி நடந்து பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் வழக்கப்படி நடந்த கல்யாணங்களை அந்தச் சட்டமே பதிவானதாக எடுத்துக்கொண்டது. அதனால் ஒரு தாளும் இல்லாத உன் அம்மாவும் என் அம்மாவும் சட்டப்படி மனைவிகள். மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டுக் கட்டிக்கொண்ட இவள் இல்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் சட்டம் வந்ததே பெண்ணுக்காகத்தான். நம் அப்பா காலத்தில் 'சின்னவீடு, பெரியவீடு' என்று இரண்டு அடுப்பு எரிந்ததை ஒழித்து, ஒருவனுக்கு ஒருத்தி என்று வைத்த சட்டம் அது. அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவன் இரண்டாவதாகக் கட்டினவளை 'ஒருத்தி' ஆக்கிவிட்டான்.

இன்னொன்றும் கேள். 1994-இன் குடும்ப வன்முறைச் சட்டம் பதிவைப் பார்ப்பதில்லை. சமயப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால் போதும், பதிவு இல்லாவிட்டாலும் அவளை வாழ்க்கைத் துணையாகவே எடுத்துக்கொண்டு பாதுகாப்பு உத்தரவு தரலாம். ஆக, அடி வாங்கும்போது அவள் மனைவி, வீட்டில் பங்கு கேட்கும்போது யாரோ. திருமணச் சட்டத்தில் பங்கு கொடுக்கும் பிரிவை 2018 கடைசியிலிருந்து நல்லபடியாகத் திருத்தியும் இருக்கிறார்கள். சம்பாதித்தது யாராக இருந்தாலும், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவளின் உழைப்பைக் கணக்கில் எடுத்து, கூடுமானவரை சமமாகப் பிரிக்க வேண்டும் என்கிறது. வாசலில் பதிவுத் தாள் கேட்பதால் இவளால் உள்ளே போக முடியவில்லை. பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் கேட்க வழி இருக்கிறது. தவணை கட்டிய ரசீது இருந்தால் வீட்டுக்கும் வக்கீல் வேறு வழியில் வாதாடிப் பார்க்கலாம். ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ரசீதெல்லாம் பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாளாம், நல்லவேளை.

இனி உன் முதல் பேச்சுக்கு வருகிறேன். நமக்கு ஒன்றும் செய்யவில்லை என்கிறாய். உன் மகள் பாஸ்போர்ட்டுக்கு உன் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்று கைக்குழந்தையோடு கோலா லிப்பிஸுக்கு பஸ் ஏறிப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? சோறு போட்டு வளர்த்தது நீ, கையெழுத்து மட்டும் விட்டுப்போன மனுஷனுடையது. 1999-இல்தான் பிள்ளைகளின் காப்பாளர் சட்டத்தைத் திருத்தித் தாய்க்கும் தகப்பனுக்கும் சமமான காப்பாளர் உரிமை கொடுத்தார்கள். உன் மருமகள் அப்படி அலையவில்லை. அலைய வேண்டியிருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது.

நம் பாட்டிமார் கதை இன்னும் மோசம். 1920களின் கடைசியில் இந்தியத் தொழிலாளிக்குச் சம்பளம் நிர்ணயித்தபோது ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசாங்கமே எழுதி வைத்தது. யாரும் ஒளித்துச் செய்யவில்லை. அரசியல் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பாகுபாடு கூடாது என்ற வரியில் சமயம், இனம், வம்சம், பிறந்த இடம் எல்லாம் இருந்தன. ஆண், பெண் என்ற பால் வேறுபாட்டைச் சேர்த்தது 2001-இல். மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்து 44 வருஷம் ஆகியிருந்தது.

சேர்த்ததும் விடிந்துவிடவில்லை. பியட்ரிஸ் ஃபெர்னாண்டஸ் என்ற விமானப் பணிப்பெண் 1991-இல் கர்ப்பமானார். கர்ப்பமானால் ராஜினாமா செய்ய வேண்டும் என்று மலேசிய விமான நிறுவனமான மாஸின் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் மறுத்தார், வேலை போயிற்று. 2005-இல் எல்லாவற்றுக்கும் மேலான கூட்டரசு நீதிமன்றம், அரசியல் சட்டம் அரசையும் அதன் அமைப்புகளையும்தான் கட்டுப்படுத்தும், இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை அல்ல என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றி ஆபீஸில் பேசிக்கொண்டபோது எனக்கு நம் தோட்டத்து அக்காமார்தான் கண்முன் வந்தார்கள். ஒன்பது மாத வயிற்றோடு வாளி தூக்கினவர்களை யாரும் 'நிறுத்து' என்று சொன்னதில்லை. அங்கே வயிறு தெரிந்தால் வேலை போனது, இங்கே வயிறு தள்ளிக்கொண்டே வேலை செய்ய வேண்டியிருந்தது.

அடுத்து, கர்ப்பம் என்று சொன்னதற்காகத் தற்காலிக ஆசிரியை வேலையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட ஒரு வழக்கு. 2011-இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அது பால் பாகுபாடுதான் என்றது. அங்கே முதலாளி அரசாங்கம், அதனால் 8-ஆம் பிரிவு கைகொடுத்தது. தனியார் முதலாளி? அதற்கு 2023 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் வந்து, கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நிறுத்தக்கூடாது என்று ஆனது. பேறுகால விடுப்பும் 60 நாளிலிருந்து 98 நாளாகக் கூடியது. பியட்ரிஸ் கேட்டது அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஃபேக்டரி லைனில் நிற்கிற நம் பிள்ளைகள் அதை அனுபவிக்கிறார்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். தண்டனைச் சட்டத்தில் 498 என்று ஒரு பிரிவு இருந்தது. அடுத்தவன் மனைவியை ஆசைகாட்டிக் கூட்டிப் போனால் குற்றம். அதைக் கணவன் மட்டும்தான் பயன்படுத்த முடியும். கணவனை யாராவது கூட்டிப்போனால் மனைவிக்கு அப்படி ஒரு வழி கிடையாது. மனைவி என்ன, காணாமல் போன ஆட்டுக்குட்டியா? 2023 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம், நாம் பார்த்த அதே 8-ஆம் பிரிவு. அப்போது தலைமை நீதிபதி தெங்கு மைமுன், அந்த நாற்காலிக்கு வந்த முதல் பெண். வழக்கைக் கொண்டுபோனதோ அந்தக் குற்றம் சுமத்தப்பட்ட ஒரு ஆண்! சட்டம் நமக்கு நல்லது செய்ய எந்தெந்த வாசல் வழியாக வருகிறது பார்.

பிள்ளைகளுக்காக வழக்காடிய நம் நாட்டு இந்திரா காந்தியைப் பற்றிக் கேட்டிருந்தாய், "ஜெயிச்சு என்னத்தைக் கண்டா" என்று. அதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. நம்மைப்போல் ஈப்போ பக்கத்துப் பெண், பாலர் பள்ளி ஆசிரியை. 2009-இல் கணவர் இஸ்லாத்துக்கு மதம் மாறி, தாயைக் கேட்காமலே மூன்று பிள்ளைகளையும் மாற்றி, பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். ஈப்போ உயர் நீதிமன்றத்தில் ஜெயித்து, மேல்முறையீட்டில் தோற்று, 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் ஜெயித்தார். பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும் என்று அங்கே முடிவானது. அந்தத் தீர்ப்பு நாட்டில் எத்தனையோ தாய்மாருக்குக் கவசம். அவருடைய கடைசி மகள் மட்டும் இன்னும் வீடு வந்து சேரவில்லை. முன்னாள் கணவரைக் கைதுசெய்யச் சொல்லி உத்தரவு இருந்தும் ஆள் அகப்படவில்லை. தீர்ப்பை எழுதுவது நீதிபதி, நிறைவேற்றுவது போலீஸ். இந்திராவின் வழக்கு இழுபட்டு நிற்பது அந்த இரண்டாவது இடத்தில். அதற்காகக் கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது பேத்தி விஷயம். மாப்பிள்ளை வீட்டாரிடம் மனஸ்தாபம் வருமே என்று பயப்படாதே. ஐ.சி. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இருவரும் பதிவு இலாகாவில் மனு போட்டால் 21 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கோயிலில் பதிவதிகாரி இருக்கிறாரா என்று தலைவரிடம் கேள். இருந்தால் தாலி கட்டின கையோடு அங்கேயே கையெழுத்தும் போட்டுவிடலாம். எங்கள் கோயில் கமிட்டியிடம், மனு போட்ட தாளைக் காட்டாத கல்யாணத்துக்கு மண்டபம் தராதீர்கள் என்று நான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். பாதிப்பேர் ஒத்துக்கொண்டாகிவிட்டது. மீதிப்பேர் மண்டப வாடகை போய்விடுமே என்று யோசிக்கிறார்கள்.

பெண்ணையும் ஒரு வார்த்தை கேள். படித்த பிள்ளை, அவளுக்கே இது தெரிந்திருக்கும். உன் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ.

தேதி முடிவானதும் போன் பண்ணு. கண் ஆபரேஷனை அதற்கு முன்னாலோ பின்னாலோ தள்ளி வைக்கிறேன். ரயிலில் வந்தால் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பு. போன தடவை மாதிரி அந்த வெயிலில் என்னைக் காக்க வைக்காதே.

அன்புடன்,
லெட்சுமி