குடையும் ஒரு பாட்டில் தண்ணீரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், கோடையில் டெல்லியைச் சுற்றிப் பார்ப்பது பற்றிய கட்டுரையில், “நண்பகலில் கூட்டம் குறைவு, ஒரு குடையும் ஒரு பாட்டில் தண்ணீரும் போதும்” என்று எழுதியிருந்தது. எழுதியவர் எந்த ஊரில், எந்த மாதத்தில் உட்கார்ந்து எழுதினார் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் 31 ஆண்டுகள் இருப்பவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று தாங்கள் கேட்கலாம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அக்காவின் கையில் தங்கள் இதழ் இருந்தது. அச்சில் வந்ததை மறுத்துப் பேசினால் அக்காவுக்குப் பிடிக்காது. செவ்வாயன்று 12 மணிக்கு ஹுமாயூன் கல்லறைக்குப் போனோம். ‘லூ’ என்னும் வடநாட்டு அனல்காற்று அடித்த அடியில் குடைக்கம்பி இரண்டு முறிந்தது. பாட்டில் தண்ணீர் கை பொறுக்காத சூட்டுக்கு வந்துவிட்டது. மேடைக்கு ஏறும் படியில் கையூன்றிய அக்கா, அடுப்பைத் தொட்டவர்போல் இழுத்துக்கொண்டார்.

வானிலைத் துறை சொல்லும் அளவு, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் நிழலில் வைத்த வெப்பமானி காட்டுவது என்பதைத் தாங்கள் அறியாதவர் அல்லர். 2024 மே 29 அன்று டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான 46.8 டிகிரியும் அந்த நிழல் கணக்குதான். வெட்டவெளிக் கல்தரையில் நடப்பவரின் கணக்கு வேறு. அதே வளாகத்தின் வாசலருகே, 2024இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் நிலத்தடியில் இருக்கிறது. அங்கே இறங்கிய பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“மாலை 4 மணிக்குமேல் காற்று வாங்கலாம்” என்றும் எழுதியிருந்தீர்கள். எந்தக் கடலிலிருந்து, ஐயா? பகலெல்லாம் குடித்த வெயிலை இங்குள்ள சுவர்கள் அந்நேரத்தில்தான் கக்குகின்றன. காலை 6 மணிக்கு லோதி தோட்டம், 9 மணிக்குள் வீடு, இருட்டிய பிறகு மலை மந்திர் முருகன் கோயில் என்பது இங்குள்ள தமிழ்ப் பாட்டிமார் அனைவரும் அறிந்த ஏற்பாடு. அவர்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம். மூன்றாண்டுகளுக்கு முன் திங்கட்கிழமை செங்கோட்டைக்குப் போகச் சொன்னீர்கள். திங்கள் அதற்கு விடுமுறை என்று அப்போதே எழுதினேன். இடமின்மையால் வெளியிடவில்லை போலும். ராசிபலனுக்கு அந்த வாரமும் முழுப் பக்கம் இருந்தது.

இனிமேல் ஓர் இடத்தைப் பரிந்துரைத்தால், அதன் திறப்பு நேரத்தையும் விடுமுறை நாளையும் ஒரு சிறு கட்டத்தில் போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ராமகிருஷ்ணபுரம், புதுடெல்லி