சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்ங்க. சந்தா வசூல், மரக்கன்று நட்டது, நோம்பிக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டது எல்லாம் போன வருடம் போலவே நடந்தன, விவரம் மினிட் புத்தகத்தில் இருக்கிறது. இந்த அறிக்கையில் நான் சிஸ்டர் அக்காவைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அக்கா 30 வருடத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு இந்த வருடம் ஓய்வு பெற்றார். கடைசியில் இருந்தது புற்றுநோய் வார்டு. ஊசி போடுவதோடு நிற்காமல், நோய் தெரிந்த நாளிலிருந்து ஒருவர் எந்தக் கவுண்டருக்குப் போகணும், அடுத்து எந்த டாக்டர், எந்த ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று கூடவே நடந்தவர். நோயாளி வழிகாட்டல் என்கிற இந்த வேலையை 1990-ல் நியூயார்க்கின் ஹார்லெமில் டாக்டர் ஹெரால்ட் ஃப்ரீமன் ஆரம்பித்தார், ஏழைப் பெண்கள் மார்பகக் கட்டி முற்றிய பிறகே வருவதைப் பார்த்து. "அந்தியூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வர்றவங்களுக்கு, பாதியில விட்டுட்டுப் போக நூறு காரணம் இருக்குதுங்க" என்பார் அக்கா.

இப்படிப் பாதியில் நிற்பது எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் மாமியாருக்குச் சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸி ரிப்போர்ட் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் சும்மா கிடந்தது, எழுதிக்கொண்ட போன் நம்பரில் ஒரு எண் தப்பு. கூப்பிடுவார்கள் என்று நாங்களும் காத்திருந்தோம். அக்கா வந்து மஞ்சப்பையைத் திண்ணையில் கொட்டி, சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கித் துணி கிளிப் போட்டபோதுதான், சதை எடுத்த ரசீது இருக்கிறது, ரிப்போர்ட் இல்லை என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

அவர் ஓய்வு பெற்றதும் சங்க அறையில் சனிக்கிழமைதோறும் உட்காரச் சம்மதித்தார். முதல்வர் காப்பீட்டு அட்டைக்கு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்குவது எப்படி, சிகிச்சைக்கு ரயிலில் போகிறவருக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி, அதற்கு டாக்டர் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடணும், இதெல்லாம் நம் பிள்ளைகள் இப்போது கற்றுக்கொண்டார்கள். கீமோ போட்டவருக்கு உடம்புச் சூடு 100.4 டிகிரியைத் தொட்டால் கஷாயம், மாத்திரை என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் உடனே கிளம்பணும் என்பதைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

ஆனால் அக்கா அதிகம் கவலைப்படுவது சிகிச்சை முடிந்தவர்களைப் பற்றி. வார்டில் இருக்கும்வரை தினமும் யாராவது விசாரிப்பார்கள், வீடு வந்த பிறகு யாரும் கேட்பதில்லை. மார்பகக் கட்டிதான் போய்விட்டதே என்று ஐந்து வருடம் சாப்பிட வேண்டிய மாத்திரையை இரண்டாம் வருடமே நிறுத்தியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். வருடம் ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்ப்பது, எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆளுக்கொரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்.

ஐப்பசியில் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு அம்மா வந்தார். "ஏனுங்க சிஸ்டர், இந்தக் கைக்கு மட்டும் வளையல் ஏறமாட்டேங்குதுங்க, சதை போட்டுட்டேனாட்டத் தெரியுது." அக்கா அந்த அம்மாவின் பையிலிருந்த டெய்லர் டேப்பையே வாங்கி, முழங்கைக்குக் கீழே ஒரே தூரத்தில் இரண்டு கையையும் அளந்து எழுதினார். மார்பக அறுவையில் அக்குள் நெறிகட்டிகளை எடுத்த பக்கம் நீர் தேங்கியிருந்தது. "முள்ளுக் குத்தாம பாத்துக்க கண்ணு, சிவந்து சுடுச்சுன்னா அன்னைக்கே வந்துரு" என்று சொல்லி, கையில் இறுக்கமாகப் போடும் அழுத்த உறைக்கு எங்கே போகணும் என்றும் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அளந்தபோது வித்தியாசம் குறைந்திருந்தது, அந்த அம்மா கண்ணாடி வளையல் போட்டு வந்திருந்தார்.

ஆண்கள் வருவதில்லை. வாய்ப்புற்றுக்கு அறுவை செய்துகொண்டு வாய் சரியாகத் திறக்காமல் கஷ்டப்படுகிறவர்கள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். இதை நாம் இந்த வருடம் சரியாகச் செய்யவில்லை, அதற்குச் செயலாளர் என்ற முறையில் நான்தான் பொறுப்பு. வீட்டுக்கே போய்ப் பார்க்க பைக் வைத்திருக்கிற இரண்டு பேர் வேண்டும். அதற்குப் பெயர் எழுத ஒரு நோட்டு மேசைமேல் இருக்கிறது, எழுதிவிட்டுப் போங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.