ஆஸ்பத்திரி இங்கிலீஷ்: பழைய சிநேகிதனுக்கு ஒரு கடிதம்

தக்கலை

அன்புள்ள இங்கிலீஷ் சாருக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முட்டு வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். விடியற்காலையில் நடக்கப் போகாதே என்று உன் மகன் சொல்வதைக் கேள். கோயம்புத்தூர்ப் பனி நம் ஊர்ப் பனி மாதிரி இல்லை. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. டிராயிங் சார் தவறிய செய்தி உனக்கு வந்திருக்கும். அடக்கத்துக்குப் போயிருந்தேன். நம் ஸ்டாஃப் ரூம் ஆட்கள் வந்திருந்தார்கள், எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள்.

சரி, உன்னிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. என் தங்கச்சி மகள் நர்சாக இருக்கிறாள் இல்லையா, அவள் இங்கிலாந்து போக ஓஇடி பரீட்சைக்கு, அதாவது ஆஸ்பத்திரி வேலைக்காரர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சைக்கு, படிக்கிறாள். நம் ஜில்லாவில் இது அதிசயமில்லை, தெருவுக்கு ஒரு பிள்ளையாவது நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய்விடுகிறது. 2017 கடைசியிலிருந்து அந்த நாட்டு நர்சிங் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் என்கிற பொது இங்கிலீஷ் பரீட்சையோடு இந்தப் பரீட்சையையும் ஒத்துக்கொள்கிறதாம். கேட்க, வாசிக்க, பேச மூன்றிலும் பி கிரேடு வேண்டும், எழுத்தில் சி பிளஸ் இருந்தால் போதும். டூட்டி முடிந்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவாள். மாமா தமிழ் வாத்தியார்தான், ஆனாலும் வாத்தியார் வாத்தியார்தானே என்று ஒரு நம்பிக்கை.

போன வாரம் கோச்சிங் சென்டரில் கொடுத்த ஒரு கட்டுத் தாளைக் காட்டினாள். எல்லாம் இடியம்ஸ், நம் மரபுத்தொடர்தான். முதல் வரியே 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்', மழை கொட்டுகிறது என்பதற்கு. நீ ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் அவிழ்த்துவிட்ட அதே பூனை, அதே நாய். பக்கத்திலேயே ஒரு காரணக் கதை: அந்தக் காலத்தில் ஓலைக் கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கிக் கீழே விழுந்தனவாம். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போச்சு? மழைக்கு எந்த நாயாவது கூரைமேல் ஏறிப் படுக்குமா?

இந்தத் தாள்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று விசாரித்தேன். ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் ஏழாம் பேண்ட் வாங்க, அதிகம் புழங்காத சொற்களையும் மரபுத்தொடர்களையும் ஓரளவு கையாளத் தெரிய வேண்டும் என்று அளவுகோலில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளின் வாயில் நூறு இடியத்தைத் திணிக்கிறார்கள். ஓஇடியில் பேச்சுத் தேர்வு வேறு மாதிரி. ஆளுக்கு இரண்டு நாடகம், ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம்போல. எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் சொந்தக்காரராகவோ நடிப்பார், இவள் நர்ஸ். நாளைக்கு ஆபரேஷன் என்று நடுங்கிக்கொண்டிருக்கிற ஆளிடம் போய் 'இட்ஸ் எ பீஸ் ஆஃப் கேக்', ரொம்பச் சுலபம், என்று இவள் எடுத்துவிட்டால் மார்க் விழுமா, அடி விழுமா?

என் கட்சி இதுதான்: இடியம் இவளுக்குக் காதில் விழுந்தால் புரிய வேண்டும், வாயில் வர வேண்டியதில்லை. நோயாளி எப்படிப் பேசினாலும் இவளுக்கு விளங்க வேண்டும். இவள் பேசுவது நேராக இருந்தால் போதும்.

இதை உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், இவளுக்கு இரண்டு வருஷம் சீனியரான ஒரு பெண். லீட்ஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வயதானவர்கள் வார்டில் இருக்கிறாள். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்புகிற குரல் செய்திகளைத் திண்ணையில் உட்கார்ந்து நானும் கேட்பேன். போன புதிதில் ஒருநாள் காலையில் படுக்கையில் இருந்த கிழவர் 'ஐ குட் மர்டர் எ கப் ஆஃப் டீ' என்றாராம். கொலை என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பெண் கையிலிருந்த மருந்துத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்தான் சிரித்துக்கொண்டே, 'பிள்ளே, அவருக்கு டீ வேணும், அவ்வளவுதான்' என்கிற மாதிரி விளக்கியிருக்கிறார். சாயா இல்லாவிட்டால் நம் ஆட்களுக்குத் தலை வெடிக்கும், அவர்களுக்குக் கொலைவெறி வரும்.

அது சிரிப்போடு போச்சு. 'ஐ ஹேட் எ ஃபன்னி டர்ன்' அப்படி இல்லை. ஃபன்னி என்று கேட்டதும் சிரித்துவிடக் கூடாது. திடீரென்று தலை கிறங்கி, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது என்பதைத்தான் அங்கே பெரியவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். உடனே பிரஷர் பார்க்க வேண்டிய பேச்சு அது. 'நாட் டூ க்ளெவர் டுடே' என்றால் அறிவு குறைவு என்று பொருளில்லை, இன்றைக்கு மேலுக்குச் சுகமில்லை. 'அண்டர் த வெதர்', 'ஆஃப் கலர்' இரண்டும் கிட்டத்தட்ட அதே. வடக்கு இங்கிலாந்தில் 'பூர்லி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது 'மஸ்ன்ட் கிரம்பிள்'. குறை சொல்லக் கூடாது என்று அர்த்தம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிற ஆளும் இதைத்தான் சொல்வாராம். நம் ஊரில் ஊசியைக் கண்டாலே 'எம்மோ' என்று ஜங்ஷன் வரைக்கும் கேட்கக் கத்துவார்கள், அதை அரையாக வெட்டிக் கணக்குப் போட வேண்டும். அங்கே 'எ பிட் சோர்', கொஞ்சம் வலி, என்றால் இரண்டு மடங்காகப் பெருக்க வேண்டும். அதனால்தான் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று எண்ணாகக் கேட்கிறார்கள். கொஞ்சம் என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு அளவு.

இதையெல்லாம் இவளுக்கு எப்படி வரிசைப்படுத்திக் கொடுப்பது என்று யோசித்தபோது எனக்குக் கை கொடுத்தது யார் தெரியுமா? பவணந்தி முனிவர். சிரிக்காதே. 13-ஆம் நூற்றாண்டு ஆள் நன்னூலில் தகுதி வழக்கு மூன்று என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்கிற இடக்கரடக்கல், கெட்டதை நல்ல சொல்லால் சொல்கிற மங்கலம், ஒரு கூட்டத்துக்குள் மட்டும் புழங்குகிற குழூஉக்குறி. லீட்ஸ் வார்டு முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது.

இடக்கரடக்கல் என்றால் நமக்குக் 'கால் கழுவி வந்தான்'. அங்கே 'ஸ்பெண்ட் எ பென்னி'. பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும் என்று இருந்த காலத்துப் பேச்சு. பூட்டு போய்விட்டது, பாட்டிமார் பேச்சில் பென்னி நிற்கிறது. சில்லறை தேடப் போகாமல் பெட்பான் எடுத்துவர வேண்டும். 'வாட்டர்வொர்க்ஸ்' சரியில்லை என்றால் முனிசிபாலிட்டிக்குப் போன் போடக் கூடாது, மூத்திரம் போவதில் தகராறு. 'பேக் பாசேஜ்' வீட்டின் பின்வாசல் இல்லை, ஆசனவாய். நம் நர்சுகள் 'மோஷன் போச்சா' என்று கேட்டுப் பழகியவர்கள். அங்கே நர்சுகள் கேட்பது 'ஹாவ் யூ ஓபன்ட் யுவர் பவல்ஸ்' என்று. இதை மட்டும் வாயாலும் சொல்லிப் பழகச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் 'லூஸ் மோஷன்' என்பது நம் ஊர் இங்கிலீஷ், அங்கே முழிப்பார்கள்.

மங்கலம்தான் மூன்றிலும் கனமானது. டிராயிங் சாருக்கு ஒட்டின போஸ்டரில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதான் போட்டிருந்தது. செத்தார் என்று யாராவது அச்சடிப்பார்களா? மண்டையைப் போட்டான் என்று அவர் காது கேட்க ஸ்டாஃப் ரூமில் நாம் யாரை யாரைச் சொல்லியிருக்கிறோம், அது வேறு விஷயம். 'கிக் த பக்கெட்' அந்த மண்டையைப் போட்ட ஜாதி. தாளில் அதற்கு 'இறத்தல்' என்று மட்டும் பொருள் போட்டிருக்கிறார்கள், யாரிடம் சொல்லக் கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை. 'பாஸ்டு அவே', 'லாஸ்ட் மை ஹஸ்பண்ட்' என்பவை மங்கலம். நோயாளியின் வீட்டார் அப்படிச் சொன்னால் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் மரணச் செய்தியைச் சொல்லும்போது டாக்டர்களும் நர்சுகளும் 'டைட்', இறந்துவிட்டார், என்று நேராகவே சொல்ல வேண்டும் என்று அங்கே பயிற்சியில் சொல்லிக் கொடுக்கிறார்களாம். 'வீ லாஸ்ட் ஹிம்' என்றால், பதற்றத்தில் இருக்கிற ஆள், எங்கே தொலைத்தீர்கள் என்று கேட்கக்கூடும். நம் ஆஸ்பத்திரிகளில் சர்வசாதாரணமாகச் சொல்கிற 'எக்ஸ்பயர்டு' அங்கே பால் பாக்கெட்டுக்குத்தான் பொருந்தும். 'டச் அண்ட் கோ' என்றால் உயிர் இழுபறி. 'நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ்' என்றால் இன்னும் கண்டம் தாண்டவில்லை.

குழூஉக்குறி சுலபம். பிரஷர், நாடி, காய்ச்சல் பார்ப்பதற்கு 'ஆப்ஸ்'. ஆபரேஷனுக்கு முன் கட்டிலில் தொங்கவிடுகிற பலகை 'நில் பை மவுத்', பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கக் கூடாது. நில் என்பது தமிழுக்கும் பொருத்தமாகவே இருக்கிறது, அதை இவள் மறக்கமாட்டாள். ஊசி குத்துமுன் 'ஷார்ப் ஸ்கிராட்ச்' என்பார்களாம். 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்று இங்கே சொல்கிறோமே, இரண்டும் ஒரே பொய்.

ஒன்று யோசித்துப் பார். 1838-லேயே வெள்ளைக்கார டாக்டர் வந்து நம் பக்கத்து நெய்யூரில் ஆஸ்பத்திரி வைத்தார். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல்லும் அங்கேதான் பல வருஷம் வைத்தியம் பார்த்தார். நம் கிழவிகள் அந்த டாக்டர்மாரிடம் போய் 'நெஞ்சு கரிக்குது', 'மேலெல்லாம் எறும்பு ஊருது', 'வயித்துல புளியைக் கரைக்குது' என்று சொல்லாமலா இருந்திருப்பார்கள்? இப்போது அந்தப் பாடு நம் பிள்ளைகளுக்கு.

இனி உன் பங்கு. பரீட்சை நாடகத்துக்கு இவளுக்கு ஒரு நோயாளி வேண்டும். என்னை வைத்து இரண்டு முறை பார்த்தாள். நான் பேசும் இங்கிலீஷில் நோய் இருக்கிறதே தவிர நோயாளி இல்லை என்கிறாள். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு உனக்குப் போன் போடுவாள். நீ மூன்றாம் நாளாக வெளிக்குப் போகாத, எது கேட்டாலும் 'மஸ்ன்ட் கிரம்பிள்' என்று மழுப்புகிற யார்க்‌ஷயர் கிழவன். அவள் நேராக, பணிவாக, விடாமல் கேட்டு உண்மையை வாங்க வேண்டும். சட்டென்று சொல்லிவிடாதே, ஐந்து நிமிஷம் இழுத்தடி. நடிப்பு வராது என்று மட்டும் எழுதாதே. இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்தால் தவறாமல் உனக்குக் காய்ச்சல் வந்ததை இந்தப் பள்ளிக்கூடமே பார்த்திருக்கிறது.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். அடுத்த மாதம் மகனோடு வந்தால் மட்டிப்பழக் குலை ஒன்று பழுக்கப் போட்டு வைக்கிறேன், எப்போது என்று முன்கூட்டியே எழுது.

உன்,
தமிழ் சார்