கமாவில் வெட்டினால் மட்டும் எக்ஸ்எம்எல் ஆகிவிடாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பில்லிங் மென்பொருளில் எடுத்த சிஎஸ்வி கோப்பை, அதாவது விவரங்களைக் கமாவால் பிரித்து வைக்கும் கோப்பைத் தருகிறீர்கள். கணக்கு மென்பொருளான டேலியில் ஏற்ற, ஒவ்வொரு விவரத்துக்கும் டேக் என்ற பெயர்க்குறி போட்டு எழுதும் எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தருகிறோம். “கமாவில் வெட்டி டேக் போடுற வேலைதானே, இதுக்கு எதுக்கு ரெண்டு நாள்?” என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இந்த வரியைப் பாருங்கள்:

"முருகன் ஸ்டோர்ஸ்","12, தெற்கு மாசி வீதி, மதுரை",4500

இருப்பது பெயர், முகவரி, தொகை என்று மூன்றே விவரம். கமாவில் வெட்டினால் ஐந்து துண்டாகும். தொகைக்கான இடத்தில் தெற்கு மாசி வீதி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாங்கள் இந்த வேலைக்கு எக்ஸ்குவரி பயன்படுத்துகிறோம். எக்ஸ்எம்எல்லிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கவென்றே வந்த வினவல் மொழி இது; 2007-இல், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலையானது. இதில் வரியைத் துண்டாக்கும் ‘டோக்கனைஸ்’ கட்டளைக்கும் மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒரே விவரம் என்பது தெரியாது, கமாவைக் கண்டால் வெட்டிவிடும். அதனால் பேஸ்எக்ஸ் என்ற இலவச மென்பொருளின் சிஎஸ்வி வசதியை வைத்து வாசிக்கிறோம். குறிக்குள் இருக்கும் கமாவை அது தொடாது.

ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2" பைப் என்று அடிக்கிறீர்கள் அல்லவா, அந்த இன்ச் குறியும் மேற்கோள் குறியும் ஒன்றே. மேற்கோளுக்குள் வந்தால் அதை இரட்டித்து எழுத வேண்டும் என்பது முறை. பல பில்லிங் மென்பொருள்கள் அதைச் செய்வதில்லை. அந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்கிறோம். நாள் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

சரி, சாதாரண நிரலில் எழுத்தோடு எழுத்தை ஒட்டி டேக் போட்டால் என்ன? போடலாம். ஆனால் வாடிக்கையாளர் பெயரில் ‘& சன்ஸ்’ என்று ஒன்று வந்தால் போதும், அந்த ஒரு குறிக்காக முழுக் கோப்பையும் எக்ஸ்எம்எல் வாசிப்பான் தள்ளிவிடும். எக்ஸ்குவரி எழுத்துகளை ஒட்டுவதில்லை, டேக்கோடு கூடிய உறுப்புகளாகக் கட்டுகிறது. வெளியே எழுதும்போது அந்தக் குறியைத் தானே முறைப்படி மாற்றிக்கொள்ளும்.

உங்களிடம் கேட்பது இதுதான்: கோப்பை எக்ஸலில் திறந்து சேமிக்காமல், எடுத்தபடியே அனுப்புங்கள். 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடை எக்ஸல் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போனது போனதுதான், எங்களாலும் மீட்க முடியாது. அப்புறம், உங்கள் மென்பொருளில் விவரங்களைப் பிரிக்கக் கமாவுக்குப் பதில் டேப் இடைவெளி கேட்க வழியிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். முகவரியில் யாரும் டேப் அடிப்பதில்லை.

இப்படிக்கு,
தரவு மாற்றப் பிரிவு